பிறர் கையில் ஒப்படைத்த வண்டி

தையற்காரரிடம் துணி கொடுக்கிறோம். கடிகாரக் கடையில் கடிகாரம் கொடுக்கிறோம். சலவைக்குப் பட்டுப் புடவை கொடுக்கிறோம். அப்பொழுதெல்லாம் நம் மனத்தில் இருப்பது ஒன்றே. கொடுத்ததைவிட நல்ல நிலையில் அது திரும்பி வரும் என்னும் நம்பிக்கைதான் அது. அந்த நம்பிக்கை இல்லையேல் ஊரில் எந்தத் தொழிலும் நடவாது. கார் வைத்திருப்போரும் அதே நம்பிக்கையோடுதான் வண்டியைச் சர்வீசுக்கு விடுகின்றனர். ஆனால், சீர் செய்ய விட்ட வண்டி சீர்கெட்டுத் திரும்பினால் என்ன செய்வது? பட்டறை வாசலில் நின்று சண்டையிடுவதா? தலைவிதி என்று வாய்மூடி இருந்துவிடுவதா? இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதனை அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினெட்டு வயது நிறையுமுன் நாம் கார் ஓட்ட இயலாது. பிறகு நமக்கு ஏன் இந்தப் பாடம் என்று தோழியர் சிலர் கேட்கக்கூடும். ஓட்டாவிட்டாலும் அதில் அமர்ந்து செல்பவர்கள் நாம். பிரேக் பிடிக்காத வண்டி, ஓட்டுபவரை மட்டும் பார்த்து விபத்துக்குள்ளாவதில்லை. மேலும், வீட்டில் கடிதம் எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் பெற்றோர் நம்மைத்தானே அழைக்கின்றனர்? ஆகவே இது நமக்கும் உரிய பாடமே.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டிலேயே இந்திய ஒப்பந்தச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு பொருளை ஒரு காரியத்திற்காக மற்றொருவரிடம் ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவதைப் பற்றி அதன் 148-ஆம் பிரிவு கூறுகிறது. பொருளைப் பெற்றுக்கொண்டவர் எவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்பதற்கு 151-ஆம் பிரிவு ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே போன்ற தம் சொந்தப் பொருளை எப்படிப் பேணுவாரோ, அப்படிப் பேண வேண்டும் என்பதே அந்த அளவுகோல். எவ்வளவு எளிய, எவ்வளவு நியாயமான விதி! அளவுக்கு மீறிய திறமையைச் சட்டம் கேட்கவில்லை. ‘இது என் வண்டியாக இருந்தால் இப்படிச் செய்வேனா?’ என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. அவ்வளவு கவனம் காட்டியும் கேடு நேர்ந்தால் அவர் பொறுப்பாளி அல்லர் என்று அடுத்த பிரிவு அவரையும் காக்கிறது.

பல இடங்களில் ‘வண்டிக்கு நேரும் சேதத்திற்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பலகை மாட்டியிருப்பதைக் காண்கிறோம். அதைப் படித்ததும் பலர் வாயடைத்துத் திரும்பிவிடுகின்றனர். 1998-ஆம் ஆண்டில் டில்லியில் ஒரு பெரிய ஓட்டலில், ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த மாருதி கார் ஒன்று களவு போயிற்று. கொடுத்த சீட்டில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருந்தனர். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தீர்ப்பளித்தது. வண்டியைத் தம் கையில் பெற்றுக்கொண்ட பின், தம்முடைய அல்லது தம் ஊழியருடைய கவனக்குறைவுக்கான பொறுப்பை அத்தகைய அச்சு வாசகத்தைக் காட்டித் தட்டிக் கழிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே பலகையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

அயலார் யார்?

கவனக்குறைவைப் பற்றிய சட்டத்திற்கும் நம் மறைக்கல்வி வகுப்பிற்கும் ஓர் உறவு உண்டு என்று அறிந்தபோது நாங்கள் வியந்தோம். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்னும் ஊரில் 1928-ஆம் ஆண்டு, டொனஹியூ என்ற ஏழைப் பெண்மணிக்கு அவருடைய தோழி இஞ்சிபீர் வாங்கிக் கொடுத்தார். ஒளி புகாத அந்தப் பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை ஒன்று வெளிவந்ததாகவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் கூறி, பானத்தைத் தயாரித்தவர்மீது அவர் வழக்குத் தொடுத்தார். பணம் கொடுத்து வாங்கியவர் அவர் அல்லரே, அவருக்கு என்ன உரிமை என்பதே அவ்வழக்கில் எழுந்த கேள்வி. இலண்டனில் பிரபுக்கள் சபை 1932-ஆம் ஆண்டு தீர்ப்புக் கூறியது. நல்ல சமாரியன் உவமைக்கு முன்னால் சட்ட வல்லுநர் ஒருவர் இயேசுவிடம் கேட்ட கேள்வியை, நீதிபதி அட்கின் பிரபு தம் தீர்ப்பில் எடுத்துக்கொண்டார். நம் செயலால் யாருக்குத் தீங்கு நேரக்கூடும் என்று நம்மால் முன்கூட்டியே எண்ண முடியுமோ, அவர்களே சட்டத்தின் கண்ணில் நம் அயலார் என்று அவர் விளக்கினார்.

பட்டறையில் சக்கரத்தின் நட்டை இறுக்கும் தொழிலாளிக்கு அந்த வண்டியில் செல்லப் போகும் பாட்டியின் பெயர் தெரியாது. குழந்தையின் முகம் தெரியாது. ஆயினும் அவர்கள் அவருடைய அயலார். அவர் கையில் இருக்கும் ஸ்பானர் அவர்கள் உயிரையும் பிடித்திருக்கிறது.

சிறு அசட்டை, பெரும் கேடு

எங்கள் பள்ளிப் பேருந்தைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக் அண்ணனிடம், சர்வீசில் என்னென்ன தவறுகள் நேரும் என்று கேட்டோம். அவர் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதில் தேய்ந்த போல்ட் ஒன்றை வைத்துப் பாடம் நடத்தினார்.

இஞ்சினின் அடியில் ஆயில் சட்டி இருக்கிறது. பழைய ஆயிலை வடிக்க அதில் ஒரு போல்ட் உண்டு. போல்ட் இரும்பு, பல கார்களில் சட்டி அலுமினியம். போல்ட்டைக் கோணலாக நுழைத்து வலுவாகத் திருகினால் அலுமினிய மரை அறுந்துவிடும். “முதல்ல கையால ரெண்டு மூணு சுத்து சுத்தணும்மா. கைக்கு வராத போல்ட்டை ஸ்பானரால திருகினா மரை போச்சு, வண்டியும் போச்சு” என்றார் அவர். அறுந்த மரையில் நிற்கும் போல்ட் முதலில் ஆயிலைக் கசியவிடும். பின்னர் ஒரு நாள் கழன்று விழும். ஆயில் இல்லாமல் ஓடும் இஞ்சின் சில நிமிடங்களிலேயே பேரிங் தேய்ந்து ஜாம் ஆகிவிடும்.

ஆயில் பில்டரை மாற்றும்போது பழைய பில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. அதைக் கவனியாமல் புதியதை மாட்டினால், இரண்டு வளையங்களுக்கு இடையே ஆயில் பீறிடும். ஆயிலை அளவுக்கு அதிகமாக ஊற்றினாலும் தீங்குதான்; உள்ளே சுழலும் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் சரியாக மசகிடாது.

சக்கர நட்டுகளைப் பற்றி அவர் கூறியது நம் அறிவியல் பாடத்தோடு ஒத்திருந்தது. விசையின் திருப்புத்திறன் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 200 நியூட்டன் விசை கொடுத்தால் 100 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். பெரும்பாலான சிறிய கார்களின் சக்கர நட்டுக்கு ஏறத்தாழ அவ்வளவே போதும். அதே ஸ்பானரில் குழாயைச் செருகி ஒரு மீட்டராக நீட்டி அதே விசையைக் கொடுத்தால் அது 200 ஆகிவிடும். நட்டும் போல்ட்டும் இரு மடங்கு துன்பப்படும். காற்றுத் துப்பாக்கியால் அளவின்றி இறுக்குவதும் அப்படியே. குறைவாக இறுக்கினாலோ ஓடும்போதே சக்கரம் கழலும். ஆகையால் ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திர வடிவில், அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்க வேண்டும். 50 அல்லது 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒரு முறை சரி பார்ப்பது நலம்.

பிரேக் கட்டைகளை மாற்றும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்து அதை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், வண்டி நில்லாது. பிரேக் ஆயில் ஊற்றும் இடத்தில் வேறு ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். பிரேக் ஆயில் வண்டியின்மீது சிந்தினால் பெயிண்டே உரிந்துவிடும். இவற்றில் எதற்கும் பெரிய படிப்புத் தேவையில்லை. நின்று நிதானமாகப் பார்க்கும் பழக்கம் ஒன்றே தேவை.

தொட்ட இடமா, தொடாத இடமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. சர்வீசுக்குப் பின் நேர்ந்தது எல்லாம் சர்வீசால் நேர்ந்தது ஆகாது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாம் அறியாததா? ஆயில் மாற்றிய மறுவாரம் பழைய பேட்டரி உயிர் விட்டால் அதற்குப் பட்டறை என்ன செய்யும்? ஆகவே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பழுது நேர்ந்த இடம் பட்டறையில் தொட்ட இடமா, தொடாத இடமா என்பதே. தொட்ட இடமானால், அங்கே செய்த வேலையால் இந்தக் கேடு எப்படி உண்டாயிற்று என்பதைக் காட்ட வேண்டும். அதைக் காட்டுவது கோபம் அன்று, சான்று.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததை அவளுடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறோம். அவர்கள் வீட்டில் ஒரு பழைய கார் உண்டு. வாரம் இருமுறை பாட்டியை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல அதையே நம்பியிருந்தனர். பட்டறை ஒன்றில் சர்வீஸ் செய்து மூன்றாம் நாள், மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் தந்தை உடனே ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டார். சிகிச்சை முடிந்து களைத்திருந்த பாட்டியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஆயில் சட்டியில் போல்ட்டைக் காணோம். அதற்குள் இஞ்சினில் ‘கடகட’ என்று சத்தம் வந்திருந்தது.

பட்டறைக்காரர் தொலைபேசியில், “பழைய வண்டி சார், இஞ்சின் போகிற காலம்தான்” என்று கூறிவிட்டார். தந்தை குரலை உயர்த்தவில்லை. அவர் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் நமக்கு ஒரு பாடமே கிடைக்கிறது.

1. விளக்கு எரிந்தபின் ஒரு அடிகூட வண்டியை ஓட்டவில்லை. இதனால் சேதம் குறைந்தது. ‘விளக்கு எரிந்தும் ஏன் ஓட்டினீர்கள்?’ என்று எவரும் கேட்க இடமில்லாமலும் போயிற்று.

2. சாலையில் சொட்டிய ஆயில், வீட்டு வாசலில் மூன்று நாளாகப் படிந்திருந்த கறை, வெறுமையாக இருந்த துளை, கிலோமீட்டர் எண் ஆகிய எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்தார்.

3. ஜாப் கார்டையும் பில்லையும் தேடி எடுத்தார். ‘ஆயில் மாற்றியது’ என்ற வரி அதில் இருந்தது. தொட்ட இடம் அதுவே என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி.

4. வண்டியை இழுவை வண்டியில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டு சென்றார். ஆனால், பட்டறைக்காரர் வந்து பார்க்கும்வரை இஞ்சினைப் பிரிக்கவிடவில்லை. பிரித்தபின் காட்டினால், பிரித்தவர்தான் கெடுத்தார் என்று கூறலாம் அன்றோ?

5. அந்த மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை பெற்றார். மரை கோணலாக அறுந்திருப்பதும், துளையின் ஓரத்தில் அலுமினியத் துருவல் புதிதாகப் பளபளப்பதும் அதில் குறிப்பிடப்பட்டன. கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

6. நடந்தது என்ன, கேட்பது என்ன, எத்தனை நாளுக்குள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதினைந்து நாள் தவணை கொடுத்தார். அக்கடிதத்தில் ஒரு வசைச் சொல்கூட இல்லை.

இன்ஷூரன்ஸ் கொடுக்காதா என்று நாங்கள் அவளைக் கேட்டோம். வழக்கமான மோட்டார் இன்ஷூரன்ஸ் விபத்துக்கும் களவுக்கும் உதவுமேயன்றி, இத்தகைய இயந்திரப் பழுதுக்கு உதவாதாம். ஆகவே, பொறுப்பாளியிடம் கேட்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கடிதம் சென்ற ஒன்பதாம் நாள் பட்டறை உரிமையாளர் நேரில் வந்தார். துளையைப் பார்த்தார், நெடுநேரம் பேசவில்லை. பிறகு, வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஓர் இளைஞனிடம் அவ்வேலையைக் கொடுத்ததாகவும், பின்னர் எவரும் சரி பார்க்கவில்லை என்றும் கூறினார். பேரிங் மாற்றும் செலவையும் கூலியையும் தாமே ஏற்றுக்கொண்டார். இஞ்சினைப் பிரித்தபோது, வயதால் வெடித்திருந்த ரப்பர் குழாய்களுக்கும் மாற்று வேண்டியிருந்தது. அவற்றிற்குத் தோழியின் தந்தை தாமே பணம் கொடுத்தார். “அது சர்வீசால் கெட்டதல்ல” என்றார். அந்த இளைஞனை வேலையை விட்டு நீக்கப் போவதாக உரிமையாளர் கூறியபோது, “அவனை நீக்கினால் அடுத்து வருபவனும் இதையேதான் செய்வான். ஒருவர் இறுக்கியதை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வையுங்கள்” என்று கேட்டுக்கொண்டார். அந்த இளைஞன் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறான்.

இணங்காவிட்டால்?

எல்லாப் பட்டறைக்காரரும் இப்படி இணங்கி வருவார்கள் என்று கூற முடியாது. இணங்காதபோது நமக்காக நுகர்வோர் ஆணையங்கள் இருக்கின்றன. 1986-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அந்நாளையே தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளில் மட்டுமன்றிச் சேவையில் நேரும் குறைபாட்டுக்கும் இச்சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்கலாம், அசட்டையும் குறைபாடே.

முதலில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதனால் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும், புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க முடியும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. தாமே நின்று பேசலாம். ஆனால் குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். எதிர்த்தரப்பினர் பதில் கூற முப்பது நாள் தவணை உண்டு. இரு தரப்பாரும் சம்மதித்தால் சமரசப் பேச்சுக்கும் ஆணையமே வழி செய்து கொடுக்கும்.

இன்னொரு செய்தியும் நினைவில் இருக்க வேண்டும். செய்த வேலைக்குக் கூலி கொடுக்கும்வரை பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமை, வேலை செய்தவருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவால் உண்டு. ஆகவே பில் தொகையில் தகராறு இருக்கும்போது வண்டியை வலிய ஓட்டிவருவது சரியன்று. ‘மறுப்புடன் செலுத்துகிறோம்’ என்று எழுதிக் கொடுத்து, பணத்தைக் கட்டி, வண்டியை எடுத்து வந்து, பின் உரிமையைக் கேட்பதே நேரிய வழி.

வருமுன் காத்தல்

நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட வருமுன் காப்பது மேல். வண்டியைப் பட்டறையில் விடும்போது நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளலாம். செய்ய வேண்டிய வேலைகளை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்கலாம். திரும்பப் பெறும்போது, நகர்த்துமுன் பிரேக் பெடலை நன்கு மிதித்துப் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவுக் குச்சியை இழுத்துப் பார்க்கலாம். மறுநாள் காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையைக் குனிந்து பார்க்கலாம். இவற்றைச் செய்யப் பத்து நிமிடம் போதும். இவை நாமே நம் வீட்டில் செய்யக்கூடியவை.

அன்புத் தோழியரே! உரிமையைக் கேட்பது சண்டைக்காரரின் குணம் என்று எண்ணாதீர்கள். அடக்கமாக, ஆனால் அஞ்சாமல், சான்றோடு கேட்பது நேர்மையின் பகுதியே. நாம் கேட்காமல் விட்டுவிட்டால், அதே அசட்டை நாளை வேறொரு வீட்டாரின் பிரேக்கில் விளையக்கூடும். கேட்பதன் பயன் அவர்களையும் சேரும்.

நாளை நாமும் ஏதோ ஒரு தொழிலில் பிறர் பொருளையும் பிறர் உயிரையும் கையில் ஏந்தப் போகிறோம். நம்முள் சிலர் செவிலியராவர், சிலர் ஆசிரியையாவர், சிலர் பொறியாளராகி அந்தப் பட்டறையையே நடத்தக்கூடும். தச்சரான புனித சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராக மே முதல் நாளில் கொண்டாடும் விழாவைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். யாரும் காணாத மூட்டையும் சரியாகப் பொருத்துவதே தச்சருக்கு அழகு. வண்டியின் அடியில், எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இருக்கும் அந்தச் சிறு போல்ட்டும் அத்தகையதே. நம் கைக்கு வரும் வேலை எதுவாயினும், அதை முடித்தபின் இன்னொரு முறை தொட்டுப் பார்ப்போமாக!